ஆற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கம்



அடையாற்றங்கரைக் குடிசைகள் மனிதர் வாழத் தக்கவை அல்ல. எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவின் குடிசையில், மழை நின்று ஒரு வாரமானாலும் முழங்கால் உயரத்துக்குச் சுவர் ஓதம் காத்திருக்கும். சின்னவனுக்கு இருமல் விடாது.

இப்போது அவர்களை மாற்றிக் குடியமர்த்தியிருக்கும் பெரும்பாக்கத்தில் அடுக்குமாடி வீடு, தனிக் கழிப்பறை. ஆனால் மந்தைவெளிக்கு வேலைக்கு வர, விடிகாலை நாலு மணிக்கே எழுகிறார். நாலு வீட்டு வேலை இரண்டாகிவிட்டது. இடம் மாறியதால் மகள் பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டாள். அதுதான் மனத்தை அறுக்கிறது.

1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம், அன்று பல இடங்களில் மக்கள் இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டித் தந்தது. அந்தப் பழைய வழிக்குத் திரும்புங்கள். முடியாத இடங்களில், முழுஆண்டுத் தேர்வு முடியும்வரையாவது யாரையும் கிளப்பாதீர்கள்.

– ஒரு வாசகி, மந்தைவெளி, சென்னை