அம்மிணியைப் படிக்க விடுங்கள்

நொய்யல் கரையிலிருக்கும் நம் ஊர்ப் பெரியவர்களுக்கும் அக்கா தங்கச்சிமாருக்கும், சிங்கப்பூர் துவாஸ் கப்பல் பட்டறையிலிருந்து வணக்கம்.

நம் பிள்ளை அம்மிணி சென்னைப் பல்கலைக்கழகத்தில் பண்டைய வரலாறும் தொல்லியலும் முதுகலை படிக்கக் கேட்கிறாளாம். "அதைப் படிச்சு என்ன வேலைக்குப் போறது?" என்று நீங்கள் மறுக்கிறீர்களாம். போனில் சொன்னால் காற்றோடு போய்விடும், அதனால் எழுதுகிறேன்.

எனக்கு இங்கே வெல்டிங் வேலை. இரும்பு வேலை நம் பக்கத்துக்குப் புதிதல்ல. நமக்குப் பக்கத்துக் கொடுமணலில் 1985-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தோண்டத் தொடங்கியபோது இரும்பு உருக்கிய உலைகள் கிடைத்தன. செய்து முடித்த மணிகளோடு பாதியில் நின்றுபோன மணிகளும் கிடைத்தன. தொடர்ந்து நடந்த அகழாய்வுகளில் பெயர் கீறிய பானை ஓடுகள் நூற்றுக்கணக்கில் வந்தன. அவை அரசர் பெயர்களல்ல. சட்டியும் பானையும் வைத்துப் புழங்கிய சனங்களின் பெயர்கள்.

அப்படியொரு சாதாரண மனிதனின் பெயர் கடலுக்கு அப்பாலும் இருக்கிறது. தாய்லாந்தில் குவான் லுக் பட் என்னுமிடத்தில் பொன்னை உரைத்துப் பார்க்கும் சின்ன உரைகல் ஒன்று கிடைத்தது. அது பெரும்பதன் என்பவனுடைய கல் என்று பழந்தமிழ் எழுத்தான தமிழியில் வெட்டியிருக்கிறது. ஏறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முந்தியது. இராசேந்திரன் 1025-இல் கடாரத்தின்மேல் படையெடுத்ததைப் பள்ளியில் படித்தோம். கைத்தொழிலை நம்பிக் கடல் தாண்டிய பெரும்பதனைப் பற்றி நமக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கு அரசனைவிட இவன்தான் நெருக்கம்.

படிக்க ஆளில்லாவிட்டால் என்னாகும் என்பதையும் இங்கேயே பார்க்கிறேன். சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் ஏறக்குறைய 50 வரி எழுத்தோடு ஒரு பெரும்பாறை இருந்தது. 1843-இல் ஆங்கிலேயர் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். மிஞ்சிய துண்டொன்று தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நம்மவர் கூடும் தேக்கா பக்கம் போனால் அந்த அரும்பொருளகத்துக்கும் ஒரு நடை போய் நிற்பேன். தேய்ந்த வரிகள் கண்ணுக்குத் தெரிகின்றன. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றுவரை யாரும் முடிவாகச் சொல்லவில்லை.

அம்மிணி கற்கப்போவது இப்படித் தேய்ந்ததையும் புதைந்ததையும் படிக்கிற வேலையைத்தான். கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித்தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்க வேண்டும். பிறகு மேலே மை ஒற்றினால் எழுத்து வெள்ளையாக எழும்பும். குழிக்குள் இறங்கி மண்ணடுக்கைப் பிரித்தறிய வேண்டும். வெயிலில் நின்று செய்கிற வேலை. பொறுமை இல்லாதவர்களால் ஆகாது.

வேலை கொட்டிக்கிடக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மாநிலத் தொல்லியல் துறை, மத்திய தொல்லியல் துறை, அருங்காட்சியகங்கள், கல்லூரிகள் இருக்கின்றன. முதுகலைக்குப் பிறகு தமிழ்நாடு தொல்லியல் நிறுவனத்தில் உதவித்தொகையோடு இரண்டாண்டுப் பட்டயப் படிப்பும் உண்டு. பொறியியல் முடித்து இங்கே என்னோடு ஏணி தூக்குகிற நம் பையன்களிடமும் வேலை உறுதி என்றுதானே சொன்னோம்?

முதல் வருடக் கட்டணமும் விடுதிச் செலவும் என் பொறுப்பு. அடுத்த வருடத்துக்கு இங்கிருக்கும் நம் ஊர்க்காரர்களிடம் பேசியிருக்கிறேன். கல்யாணப் பேச்சை அதுவரை தள்ளிவையுங்கள். கடைசித் தேதிக்குள் விண்ணப்பத்தை அனுப்பச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளை, துவாஸிலிருந்து