ஸ்ரீரங்கப்பட்டணத்திற்கு இரண்டு நாள்: எதைக் காணச் செல்கிறோம்?

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் தருமபுரி மாவட்டத்து நம் வீடுகளில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது: பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது? விடை பெரும்பாலும் ஒகேனக்கல்லாகவோ பெங்களூரின் வணிக வளாகங்களாகவோ அமைந்துவிடுகிறது. அருவியில் குளிப்பதும் துணிமணி வாங்குவதும் குற்றமல்ல. ஆயினும், பூமியில் பயணம் செய்து, முன்வாழ்ந்தோரின் முடிவு எவ்வாறு இருந்தது என்பதைச் சிந்திக்கும்படி திருக்குர்ஆன் பல இடங்களில் நம்மை அழைக்கிறது. அவ்வழைப்பை மனத்தில் கொண்டு மேற்கொள்ளும் பயணம் நம் குடும்பங்களில் அரிதாகிவிட்டது. அத்தகைய பயணத்திற்கு நமக்கு மிக நெருக்கமான ஊர் ஸ்ரீரங்கப்பட்டணமே என்பது நம் கருத்து.

நெருக்கம் என்பது தொலைவை மட்டும் குறித்த சொல்லன்று. நாம் வாழும் இந்த மண் அன்று பாராமகால் எனப்பட்டது; ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் ஆட்சியில் மைசூர் அரசின் பகுதியாக இருந்தது. 1792 மார்ச்சில் கையெழுத்தான ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு தம் நாட்டில் ஏறத்தாழப் பாதியை இழந்தார். மூன்று கோடியே முப்பது இலட்சம் ரூபாய் செலுத்த இசைந்து, தம் புதல்வர் இருவரைப் பிணையாக அனுப்பினார். அன்று ஆங்கிலேயக் கம்பெனியின் கைக்குச் சென்ற பகுதிகளுள் பாராமகாலும் ஒன்று. பின்னர் இங்கு வந்த அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் நிலங்களை அளந்து, உழவரிடம் நேரடியாக வரி பெறும் இரயத்துவாரி முறைக்கு அடித்தளம் இட்டனர். ஆக, நம் வயல்களின் வரிக்கணக்கு மாறிய கதை அந்தக் காவிரித் தீவில் தொடங்குகிறது. இதை அறியாமல் செல்லும் பிள்ளை அங்கே இடிந்த மதிலை மட்டுமே காணும்.

எனவே பயணத்திற்கான முதல் ஏற்பாடு வாகனமும் விடுதியும் அல்ல; வீட்டில் ஒரு மாலைப்பொழுது அமர்ந்து பேசுவதே. அப்பேச்சில் நேர்மை வேண்டும். திப்பு சுல்தானைப் பற்றி நம் பிள்ளைகள் இன்று கேட்பவை இரண்டே குரல்கள்: குறையே இல்லாதவர் என்று போற்றும் குரல்; நன்மையே இல்லாதவர் என்று தூற்றும் குரல். இரண்டும் வரலாறு அல்ல. ஸ்ரீரங்கநாதர் கோயிலுக்கு அவர் வெள்ளிப் பாத்திரங்கள் அளித்ததும், மராட்டியப் படையினரால் சூறையாடப்பட்ட சிருங்கேரி மடத்திற்கு உதவியதும் உண்மை. குடகிலும் மலபாரிலும் அவருடைய படையெடுப்புகளால் மக்கள் பட்ட துன்பமும், மங்களூர்ப் பகுதிக் கிறிஸ்தவர்கள் சிறைபிடித்துச் செல்லப்பட்டதும் உண்மை. நமக்கு எதிராக அமைந்தாலும் நீதியாகச் சாட்சி சொல்ல வேண்டும் என்பது நம் மார்க்கம் இட்ட கட்டளை. நம் பெயர் தாங்கிய மன்னர் என்பதற்காக அக்கட்டளை தளர்ந்துவிடாது. பிறர் அவரை இழிவாகப் பேசும்போது நம் பிள்ளைகள் ஆத்திரமின்றி விடையளிக்க வேண்டுமெனில், இரு பக்கத்தையும் அவர்கள் நம்மிடமே முதலில் கேட்டிருக்க வேண்டும்.

இனி நடைமுறைக்கு வருவோம். தருமபுரியிலிருந்து ஓசூர், பெங்களூர் வழியாகச் சாலையில் சுமார் 250 கிலோமீட்டர். ஃபஜ்ருத் தொழுதவுடன் புறப்பட்டால் பெங்களூரின் நெரிசலுக்கு முன்பே அந்நகரைக் கடந்துவிடலாம். முதல் நாள் கோட்டைக்குள் செலவிடுவோம். இரட்டை மினாராக்களுடன் நிற்கும் ஜாமியா மஸ்ஜித், ஒன்பதாம் நூற்றாண்டில் கங்கர் காலத்தில் தோன்றிய ஸ்ரீரங்கநாதர் கோயில், ஆங்கிலேயப் போர்க்கைதிகள் அடைக்கப்பட்ட நிலவறை, 1799 மே 4 அன்று திப்பு வீழ்ந்த இடத்தைக் காட்டும் கல் ஆகியவை ஒன்றுக்கொன்று அருகிலேயே உள்ளன. பள்ளிவாசலும் கோயிலும் ஒரே கோட்டைக்குள் நிற்பதைப் பிள்ளைகள் தம் கண்ணால் காணட்டும்.

மறுநாள் காலை 1784இல் கட்டப்பட்ட தரியா தௌலத் மாளிகை. அதன் மேற்குச் சுவரில் 1780ஆம் ஆண்டுப் பொள்ளிலூர்ப் போர் ஓவியமாக விரிகிறது. அப்போர்க்களம் நம் காஞ்சிபுரத்திற்கு அருகில் உள்ளது. இறுதியாகக் கும்பஸ். ஹைதர் அலியும் அவருடைய துணைவியார் ஃபாத்திமா ஃபக்ருன்னிஸாவும் மகன் திப்புவும் அங்கே அடங்கியுள்ளனர். அங்கு ஸலாம் கூறி, அவர்களின் மன்னிப்புக்காக அல்லாஹ்விடம் கையேந்தி, நம் மரணத்தை நினைத்துத் திரும்புவதே முறை. அடங்கியிருப்போரிடம் எதையும் கேட்பதற்கோ, படம் எடுத்துக்கொண்டு ஆரவாரம் செய்வதற்கோ அது இடமன்று.

மைசூர் அரண்மனையையும் கிருஷ்ணராஜ சாகர் அணையையும் இதே இரண்டு நாளில் திணிக்க வேண்டாம். பத்து இடங்களை ஓடிப் பார்ப்பதைவிட நான்கு இடங்களில் நின்று பார்ப்பது நன்று. முதியோருக்கும் கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மாருக்கும் அதுவே இரக்கம். திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் முன்னரே விசாரித்துக்கொள்வோம். தொல்லியல் துறையின் நுழைவுக் கட்டணம் சிறிதே. பதினைந்து வயதுக்கு உட்பட்டோருக்கு அதுவும் இல்லை. உணவை வீட்டிலிருந்து எடுத்துச் சென்றால் செலவும் குறையும், ஹலால் குறித்த கவலையும் நீங்கும். பயணத் தொலைவு கடந்துவிடுவதால் நான்கு ரக்அத் தொழுகைகளைச் சுருக்கித் தொழலாம். சேர்த்துத் தொழுவதில் மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. உள்ளூர் ஆலிமிடம் கேட்டுக்கொள்வோம். சலுகை இருக்கும்போது பயணத்தைக் காரணம் காட்டித் தொழுகையை விடுவதற்கு இடமேது?

வீடு திரும்பியபின் பிள்ளைகளிடம் ஒன்றே கேட்போம்: இத்தனை பெரிய கோட்டை ஏன் நிலைக்கவில்லை? விடைகள் பலவாக இருக்கட்டும். திப்புவின் குடும்பம் அதன்பின் எங்கே சென்றது என்று அவர்கள் திருப்பிக் கேட்டால், அடுத்த விடுமுறைக்கான ஊரும் முடிவாகிவிடும்: அவர்கள் காவலில் வைக்கப்பட்டதும், 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததுமான வேலூர்க் கோட்டை.

கண்டதிலிருந்து படிப்பினை பெறும் உள்ளத்தை அல்லாஹ் நமக்கும் நம் சந்ததியினருக்கும் வழங்குவானாக. ஆமீன்.