காத்திருப்பதற்குப் பெயர் சோதனை அல்ல

பிளாக்செயின் மென்பொருள் என்றால் ஒருங்கிணைப்புச் சோதனைகள் மெதுவாகத்தான் ஓடும், அது அதன் தலையெழுத்து என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது தலையெழுத்து அல்ல, சோம்பல்.

பிட்காயினில் சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக். புதிதாக மைனிங் செய்து கிடைத்த காயினைச் செலவழிக்க 100 பிளாக் முதிர்ச்சி வேண்டும். நிஜ வேகத்தில் இதற்கு 16 மணி நேரத்துக்கு மேல் ஆகும். சோதனைக்கு அந்த வேகம் எதற்கு? ரெக்டெஸ்ட் என்ற தனி முறை இருப்பதே அதைத் தவிர்க்கத்தான்: ஒரு கட்டளை கொடுத்தால் 100 பிளாக்கும் சில நொடிகளில் தயார். எத்தீரியத்திலும் 12 நொடி ஸ்லாட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். ஹார்ட்ஹாட், ஆன்வில் போன்ற கருவிகள் பரிவர்த்தனை வந்தவுடனே பிளாக் போடும், கடிகாரத்தை ஒரு மாதம் முன்னே தள்ளும், ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்துப் பழைய நிலைக்கும் திருப்பும்.

இத்தனை இருந்தும் சிலருடைய சோதனைக் கோப்பைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் 'ஸ்லீப் 30'. ஏன் முப்பது? போன தடவை இருபது போதவில்லையாம்! எதிர்பார்த்த நிலை வந்துவிட்டதா என்று கால் நொடிக்கு ஒருமுறை கேட்டால் வந்தவுடன் நகரலாமே. பிட்காயின் கோர் சோதனைத் தொகுப்பைப் பாருங்கள். ஆரம்பச் சங்கிலியை ஒரே ஒருமுறை உருவாக்கிக்கொண்டு, தேவைப்படும் சோதனைகளுக்கு அதை நகலெடுத்துக் கொடுக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி போர்ட், தனி கோப்புறை. அதனால் பல சோதனைகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன.

இன்னொரு கட்சி இதைவிட ஆபத்தானது. உண்மையான நோடையே எடுத்துவிட்டுப் பொம்மை நோடை வைத்து, "பார், வேகமாகிவிட்டது" என்று மார் தட்டும். 2013 மார்ச்சில் நடந்ததை அவர்கள் படிக்கட்டும். பிட்காயினின் 0.8 பதிப்பு லெவல்டிபிக்கு மாறியிருந்தது, 0.7 பெர்க்லி டிபியிலேயே இருந்தது. ஒரு பெரிய பிளாக் வந்தது. 0.8 ஏற்றது. 0.7-இல் தரவுத்தளப் பூட்டுகளுக்கு இருந்த வரம்பு தாண்டியதால் நிராகரித்தது. சங்கிலி இரண்டாகப் பிளந்தது. மைனர்கள் 0.7-க்குத் திரும்பித்தான் அது சரியானது. அந்த வரம்பு நெறிமுறையில் யாரும் எழுதிவைத்த விதி அல்ல, தரவுத்தளத்துக்குள் ஒளிந்திருந்தது. பொம்மைக்கு அது எப்படித் தெரியும்? இரண்டு நிஜப் பதிப்புகளுக்கும் அப்படி ஒரு பிளாக்கை ஊட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

ஆகவே என் வாதம் இவ்வளவுதான். வெட்ட வேண்டியது காத்திருப்பை, சோதனையை அல்ல. நிஜ நேரத்தில்தான் பார்க்க வேண்டியவை சில இருந்தால், அவற்றை மட்டும் பொது டெஸ்ட்நெட்டில் இரவில் ஓட்டுங்கள். மற்றவை ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் முடிய வேண்டும். மணிக்கணக்கில் ஓடும் சோதனையை யாரும் தினமும் ஓட்டுவதில்லை. வெளியீட்டுக்கு முந்தைய நாள் அவசரத்தில் அதைத்தான் முதலில் தாண்டிப் போகிறார்கள். சங்கிலியில் உறுதியாகிவிட்ட பரிவர்த்தனையை எந்த மேலாளர் கையெழுத்தும் திரும்ப அழைக்காது. போவது அடுத்தவர் பணம்.