மகாதீரின் 22 ஆண்டுகள்: கோபுரம் உயர்ந்தது, கூலிக்காரன் எங்கே நின்றான்?



2024 ஜனவரியில் முன்னாள் பிரதமர் துன் டாக்டர் மகாதீர் முகமட் சென்னைத் தொலைக்காட்சி ஒன்றுக்குப் பேட்டி கொடுத்தார். மலேசிய இந்தியர்கள் இந்த நாட்டுக்கு முழு விசுவாசமாக இல்லை, இன்னமும் பூர்வீக நாட்டோடுதான் தங்களை அடையாளப்படுத்திக்கொள்கிறார்கள் என்ற பொருளில் அதில் பேசினார். நம்மவர்கள் கொதித்தார்கள். காவல் நிலையங்களில் புகார் கொடுத்தார்கள். அறிக்கைகள் பறந்தன. இரண்டு வாரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது.

ஆத்திரம் அடங்கியது சரி. கணக்கு பார்த்தோமா?

விசுவாசம் இல்லை என்று நம்மைப் பார்த்துச் சொன்னவர் 1981 ஜூலை 16 முதல் 2003 அக்டோபர் 31 வரை இந்த நாட்டை ஆண்டவர். 2018 மே மாதம் மீண்டும் வந்து 22 மாதம் ஆண்டவர். 1925இல் பிறந்து, 2025இல் நூறு வயதை எட்டியவர். "ஆயிரம் சொன்னாலும் நாட்டை முன்னேற்றியவர் அவர்தான்" என்று காப்பிக்கடையில் பேசும் நம்மவர்களும் உண்டு. "நம்மை நாசமாக்கியவர் அவர் ஒருவர்தான்" என்று திட்டுபவர்களும் உண்டு. இரண்டுமே அரை உண்மை. ஒரு தலைவரை எடைபோடப் பாசமும் வேண்டாம், பகையும் வேண்டாம். மூன்று கேள்வி போதும். நிலம் யாருக்குப் போனது? சம்பளம் எவ்வளவு உயர்ந்தது? சட்டம் யாரைக் காத்தது?

முதலில், அவர் செய்தவை

நியாயமாகப் பேசுவோம். 1970இல் தீபகற்ப மலேசியாவில் ஏறத்தாழ பாதிக் குடும்பங்கள் வறுமையில் இருந்தன. 1990இல் அது சுமார் 15 விழுக்காட்டுக்கு இறங்கியது. ரப்பரையும் ஈயத்தையும் நம்பி இருந்த நாடு தொழிற்சாலை நாடானது. பினாங்குப் பாலம் 1985இல் திறக்கப்பட்டது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994இல் முடிந்தது. நம் பிள்ளைகள் பலருக்கு பிறை, ஷா ஆலம், பாசிர் கூடாங் தொழிற்சாலைகளில் வேலை கிடைத்தது. 1997இல் ஆசியப் பொருளாதாரம் சரிந்தபோது அனைத்துலக நாணய நிதியத்திடம் கையேந்தாமல், 1998 செப்டம்பரில் வெள்ளியின் மதிப்பை ஒரு டாலருக்கு 3.80 என்று கட்டி வைத்தார். அது தவறு என்று அன்று சொன்ன பல பொருளாதார நிபுணர்கள் பின்னர் தங்கள் கருத்தை மாற்றிக்கொண்டார்கள்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் 21(2) என்று ஒரு பிரிவு இருந்தது. கல்வி அமைச்சர் நினைத்தால் ஒரு தமிழ்ப்பள்ளியை தேசியப் பள்ளியாக மாற்றிவிடலாம். தலைக்கு மேல் தொங்கிய கத்தி அது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் அந்தப் பிரிவு இல்லை. அது அவர் ஆட்சியில் நடந்தது.

இதெல்லாம் வரவு. இப்போது செலவைப் பார்ப்போம்.

முதலாளி மாறினார், லயம் மாறவில்லை

பதவிக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 1981 செப்டம்பர் 7ஆம் தேதி லண்டன் பங்குச் சந்தை திறந்த சில மணி நேரத்தில், அரசின் பெர்மோடாலான் நேஷனல் நிறுவனம் கத்ரி தோட்டக் கம்பெனியின் பங்குகளை வாங்கிக் கைப்பற்றியது. வெள்ளைக்காரன் கையில் இருந்த தோட்டங்கள் மலேசியாவுக்கு வந்தன. நாடே கைதட்டியது. நாமும் தட்டினோம்.

ஆனால் அந்தத் தோட்டங்களைக் காடு வெட்டி உருவாக்கியது யார்? விடியற்காலை இருட்டில் எழுந்து மூன்று நான்கு தலைமுறையாகப் பால்மரம் வெட்டியது யார்? வெள்ளைக்காரனிடமிருந்து மீட்ட சொத்தில் அந்தத் தொழிலாளிக்கு ஒரு பங்கு, ஒரு துண்டு நிலம், குடியிருக்கும் வீட்டுக்கு ஒரு பட்டா உண்டா? கிடையாது. கம்பெனியின் பெயர்ப்பலகை மாறியது. லயத்து வீடு அப்படியே இருந்தது.

புதிய பொருளாதாரக் கொள்கையை 1971இல் கொண்டுவந்தவர் துன் ரசாக். இனம் பாராமல் வறுமையை ஒழிப்பது அதன் முதல் குறிக்கோள். பூமிபுத்ராக்களுக்கு 30 விழுக்காடு பங்குடைமை என்பது இரண்டாவது குறிக்கோளின் இலக்கு. மகாதீர் காலத்தில் இரண்டாவதுதான் ஓட்டமாக ஓடியது. இந்தியர்களின் பங்குடைமை 1970இல் சுமார் 1 விழுக்காடு. 2004இல் 1.2 விழுக்காடு. 34 ஆண்டு நாடு வளர்ந்தது, நாம் நின்ற இடத்திலேயே நின்றோம்!

600 நாள் சம்பளம்

1980களிலும் 90களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்புத் திட்டமும் கோல்ஃப் திடலும் வந்தன. நாட்டின் நிர்வாகத் தலைநகர் புத்ராஜெயா எழுந்த நிலம், பிராங் பெசார் தோட்டமும் அதன் அக்கம்பக்கத்துத் தோட்டங்களும் இருந்த நிலம். அங்கிருந்த நம் குடும்பங்கள் டெங்கிலில் மலிவு விலை அடுக்குமாடிக்கு அனுப்பப்பட்டன. ஒரு பக்கம் பளிங்குக் கட்டடங்கள் எழுந்தன. இன்னொரு பக்கம் அந்த அடுக்குமாடிச் சுவர்களில் விரிசல் விட்டது.

தோட்டம் மூடினால் தொழிலாளிக்குச் சட்டப்படி என்ன கிடைக்கும்? 1980ஆம் ஆண்டு வேலை நீக்க இழப்பீட்டு விதிமுறைப்படி, ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். ஓர் அம்மா 30 ஆண்டு மரம் வெட்டினார், நாள் சம்பளம் 15 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 600 நாள் சம்பளம், அதாவது 9,000 வெள்ளி. அவ்வளவுதான். அதில் வீடு வாங்க முடியுமா?

வேலை போனால் வீடும் போகும். மாடு வளர்த்த கொட்டகை, காய்கறி போட்ட நிலம், கோயில், பிள்ளை படித்த பள்ளி எல்லாம் சேர்ந்து போகும். அந்த விதிமுறை அவர் பிரதமராவதற்கு முன்பு வந்தது. ஆனால் 22 ஆண்டில், வெளியேற்றப்படும் தோட்டத் தொழிலாளிக்கு மாற்று வீடு சட்டப்படியான உரிமை என்று ஒரு வரி சேர்க்க அவருக்கு மனம் வரவில்லை. 1990இல் தொழிலாளர் வீடமைப்புத் தரம் பற்றி ஒரு சட்டம் வந்தது. அது வேலையில் இருக்கும்வரைதான் உதவும்.

நிலச் சட்டத்தைத் திருத்த அவருக்கு நேரம் இருந்தது. 1991இல் நில எடுப்புச் சட்டம் திருத்தப்பட்டது. பொருளாதார வளர்ச்சிக்கு என்று சொல்லி ஒருவர் நிலத்தை எடுத்துத் தனியார் நிறுவனத்துக்குக் கொடுக்கலாம் என்று வழி திறந்தது. பணக்காரனுக்காகச் சட்டம் ஓடிவந்தது. லயத்துக்காரனுக்காக நடந்துகூட வரவில்லை.

சம்பளத்துக்கு வருவோம். அந்த 22 ஆண்டில் நாடு முழுமைக்குமான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வரவே இல்லை. அது 2011இல் நிறைவேறி, 2013இல் தீபகற்பத்தில் 900 வெள்ளியாக நடைமுறைக்கு வந்தது. 1984இல் இந்தோனேசியாவோடு மேடான் ஒப்பந்தம் போட்டு மலிவான ஆட்கள் வரவழைக்கப்பட்டார்கள். வந்தவர்கள் நம்மைப் போன்ற ஏழைகளே, அவர்கள் மீது பழி போடாதீர்கள். சம்பளம் ஏறாமல் பார்த்துக்கொண்டவர்கள் முதலாளிகளும் அரசாங்கமும். மின்னணுத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் தேசியச் சங்கம் கேட்டபோது, 1988இல் கம்பெனிக்குள் சங்கம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

ஏழைக்குக் கொடுக்கப் பணம் இல்லையா? பெர்வாஜா எஃகு ஆலையில் கொட்டப் பணம் இருந்தது. 1990களின் தொடக்கத்தில் பேங்க் நெகாராவின் அந்நியச் செலாவணி வியாபாரத்தில் பல பில்லியன் வெள்ளி கரைந்தது. அதை 2017இல் அரச விசாரணை ஆணையமே ஆராய்ந்தது.

சட்டத்தை வளைத்த கை

இது பலருக்குத் தெரியாத பகுதி. இதுதான் இன்றுவரை நம்மைத் துரத்துகிறது.

1987 அக்டோபர் 27. லாலாங் நடவடிக்கை. விசாரணை இல்லாமல் அடைக்கும் இசா சட்டத்தின் கீழ் 106 பேர் பிடிக்கப்பட்டார்கள். கர்பால் சிங், பி. பட்டு, தொழிற்சங்கத் தலைவர் வி. டேவிட் போன்றவர்களும் அதில் அடக்கம். பத்திரிகைகளின் உரிமம் பறிக்கப்பட்டது. 1988இல் நாட்டின் தலைமை நீதிபதி துன் சாலே அபாஸ் நீக்கப்பட்டார். மேலும் இரண்டு உச்ச நீதிமன்ற நீதிபதிகளும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். 1989இல் இசா கைதுகளை நீதிமன்றம் கேள்வி கேட்கும் வழியும் பெருமளவு அடைக்கப்பட்டது. 2007 நவம்பர் 25ஆம் தேதி நம் மக்கள் கோலாலம்பூர் வீதிக்கு வந்த பிறகு, டிசம்பரில் ஐந்து பேரை இசாவில் அடைத்தார்களே, அந்தக் கதவுக்குப் பூட்டை இறுக்கியது 1989இல்!

1988இல் அரசியலமைப்பின் 121ஆவது விதியும் திருத்தப்பட்டது. நீதி அதிகாரம் நீதிமன்றங்களுக்கு உரியது என்ற வாசகம் எடுக்கப்பட்டது. ஷரியா நீதிமன்ற அதிகாரத்துக்கு உட்பட்ட விவகாரங்களில் சிவில் உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று 121(1A) சேர்க்கப்பட்டது. அன்று நம்மில் யாரும் இதைக் கவனிக்கவில்லை. 2005 டிசம்பரில், எவரெஸ்ட் மலையேற்றக் குழுவில் இருந்த மூர்த்தியின் உடலைக் கேட்டு அவர் மனைவி உயர் நீதிமன்றம் போனபோது, எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று பதில் வந்தது. இந்திரா காந்தி வழக்கில் ஒரு தாய்க்குத் தெரியாமல் பிள்ளைகளின் மதம் 2009இல் மாற்றப்பட்டது. 2018 ஜனவரி 29ஆம் தேதிதான் கூட்டரசு நீதிமன்றம் அந்த மதமாற்றம் செல்லாது என்றது. ஒன்பது ஆண்டு! ஒரு திருத்தத்தின் விலையை ஒரு தாய் கொடுத்தார்.

2001 மார்ச்சில் கம்போங் மேடானில் 6 பேர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் இந்திய ஏழைகள். அரச விசாரணை ஆணையம் அமைக்கக் கேட்டோம். அமைக்கவில்லை.

நம் வீட்டுக்குள்ளும் பார்ப்போம்

எல்லாப் பழியையும் ஒருவர் தலையில் போட்டுவிட்டு நாம் கையைத் துடைத்துக்கொள்ள முடியாது. அந்த 22 ஆண்டும் அமைச்சரவையில் நமக்காக உட்கார்ந்திருந்தது ம.இ.கா. மைக்கா ஹோல்டிங்ஸில் ஏறத்தாழ 66,000 பேர், பெரும்பாலும் தோட்டத்து மக்கள், நகையை அடகு வைத்தும் கடன் வாங்கியும் 100 மில்லியன் வெள்ளிக்கு மேல் போட்டார்கள். 1990இல் அரசு ஒதுக்கிய 10 மில்லியன் டெலிகோம் பங்குகளில் மைக்காவுக்கு வந்தது 1 மில்லியன் மட்டுமே. மீதி வேறு மூன்று நிறுவனங்களுக்குப் போனது. தவறு எதுவும் நடக்கவில்லை என்றது ம.இ.கா. தலைமை. ஊழல் தடுப்பு நிறுவனம் விசாரித்தது. எவர் மீதும் வழக்கு இல்லை. இந்தியர்களுக்கு என்று கொடுப்பதை ஒரு தலைவர் கையில் கொடுத்துவிட்டால் போதும், அது வீடு போய்ச் சேர்ந்ததா என்று கேட்க வேண்டாம் என்பதே மகாதீரின் ஆட்சி முறை.

1999 பொதுத்தேர்தலில் மலாய் வாக்குகள் பிளந்தன. தேசிய முன்னணியைக் கரை சேர்த்ததில் இந்தியர், சீனர் வாக்குகளுக்குப் பெரும் பங்கு உண்டு. கைமாறாக நாம் என்ன எழுதி வாங்கினோம்? ஒன்றும் இல்லை. ஒரு பாக்கெட் அரிசி, ஒரு விருந்து, கோயிலுக்கு ஒரு காசோலை.

இரண்டாம் வருகை

2018இல் நம்பி மீண்டும் வாக்களித்தோம். நான்கு இந்திய அமைச்சர்கள் வந்தார்கள். குறைந்தபட்சச் சம்பளம் 2019இல் 1,100 வெள்ளி ஆனது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த 60 வயதைத் தாண்டிய இந்தியர்கள் மூவாயிரம் பேருக்கு மேல் குடியுரிமை என்று அறிவித்தார். நல்லது. ஆனால் நாடற்றோர் பிரச்சினையை நூறு நாளில் தீர்ப்போம் என்பதே வாக்குறுதி. அது தீரவில்லை. இனப்பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையில் சேருவோம் என்று 2018 செப்டம்பரில் சொன்ன அரசு, எதிர்ப்பு வந்ததும் நவம்பரில் பின்வாங்கியது. 121ஆவது விதியின் பழைய வாசகம் திரும்ப வரவில்லை.

நம் தீர்ப்பு

மகாதீர் ஒரு நாட்டைக் கட்டினார். அந்த நாட்டின் அடித்தளத்தில் உழைத்தவர்களை வீட்டுக்காரர்களாக ஏற்கவில்லை. நாடு கட்டும் திறமை அவரிடம் இருந்தது. அதனால்தான் குற்றம் பெரிதாகிறது. முடியாதவர் செய்யாமல் விடுவது வேறு, முடிந்தவர் செய்யாமல் விடுவது வேறு.

விசுவாசம் பற்றி நமக்குப் பாடம் வேண்டாம். பால் வெட்டிய கை, தண்டவாளம் போட்ட கை, நெடுஞ்சாலைக்குத் தார் ஊற்றிய கை விசுவாசத்தைப் பேட்டியில் காட்டாது. நாடு அந்தக் கைக்கு விசுவாசமாக இருந்ததா என்பதுதான் கேள்வி.

மக்களே, இனி பழைய தலைவரைத் திட்டுவதால் வீட்டுச் சாவி வராது. 2021 டிசம்பர் முதல் 18 வயதானவர் தானாகவே வாக்காளர். உங்கள் பிள்ளை பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறப்புப் பத்திரம், சம்பளச் சீட்டு, தோட்ட வேலைப் பதிவு எதையும் தூக்கிப் போடாதீர்கள். வழக்கு என்று வந்தால் கண்ணீர் சாட்சி ஆகாது, காகிதம்தான் சாட்சி.

அடுத்து வாக்குக் கேட்டு வருபவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் மூன்றைக் கேளுங்கள். வெளியேற்றப்படும் தொழிலாளிக்கு மாற்று வீட்டைச் சட்டமாக்குவீர்களா? 121ஆவது விதியில் நீதிமன்றத்தின் அதிகாரத்தைத் திரும்பக் கொடுப்பீர்களா? நாடற்ற நம் பிள்ளைகளுக்கு எந்தத் தேதிக்குள் அடையாள அட்டை? பதிலை எழுத்தில் வாங்குங்கள். தேதியும் கையொப்பமும் இல்லாத வாக்குறுதியை நம்பி இன்னொரு 22 ஆண்டை நாம் கொடுக்க முடியாது.