மேலே அனுப்பினால் இறக்கவும் தெரியவேணும்

எங்கட நாட்டின் முதல் செய்மதி இராவணா-1 ஞாபகம் இருக்கா? பக்கத்துக்கு 10 சென்ரிமீற்றர், எடை ஒரு கிலோ சொச்சம். 2019 ஜூன் 17இல் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்டது. 2021இல் வளிமண்டலத்துக்குள் விழுந்து எரிந்துபோனது. அதில் எஞ்சின் எதுவும் இருக்கேல்ல. சுற்றியது ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்தில் என்பதால், அங்கே மிச்சமிருக்கும் மெல்லிய காற்றே அதைக் கீழே இழுத்துவிட்டது.

அதே பெட்டியை 800 கிலோமீற்றரில் விட்டிருந்தால்? எங்கட பேரப்பிள்ளைகளின் காலத்திலும் சுத்திக்கொண்டுதான் இருந்திருக்கும்.

சும்மா சுத்தினால் என்ன என்று கேட்கலாம். 2009 பெப்ரவரி 10இல், சைபீரியாவுக்கு மேலே, செத்துப்போன ரஷ்யச் செய்மதி கொஸ்மோஸ்-2251, வேலை செய்துகொண்டிருந்த இரிடியம்-33 உடன் மோதியது. பின்தொடரக்கூடிய அளவிலேயே 2,000க்கு மேற்பட்ட துண்டுகள் உருவாகின. ஒவ்வொரு துண்டும் செக்கனுக்கு ஏழு கிலோமீற்றருக்கு மேல் ஓடும். அந்த வேகத்தில் ஒரு சின்ன ஆணியும் குண்டுதான்.

சின்னச் செய்மதிக்குள் எஞ்சின் வைக்க இடமில்லை என்பது பழைய சாட்டு. 2020 நவம்பரில் ஏவப்பட்ட ஒரு சீனச் செய்மதியில், பிரான்சின் திரஸ்ட்மி நிறுவனம் அயடினில் இயங்கும் குட்டி எஞ்சினை ஓட்டிக் காட்டியது. அயடின் திண்மம். செனன் வாயு மாதிரி உயர் அழுத்தத் தாங்கி தேவையில்லை. சூடாக்கினால் ஆவியாகும்; அதை அயனாக்கி, மின்புலத்தால் வெளியே தள்ள வேண்டியதுதான். தள்ளுவிசை மிகக் குறைவு. ஆனால் மாதக்கணக்கில் தள்ளினால் சுற்றுப்பாதையே இறங்கும்.

எஞ்சின் இருந்தால் மட்டும் போதும் என்று நாங்கள் சொல்லேல்ல. செய்மதியின் மின்சாரம் செத்தால் எஞ்சினும் செத்துப்போகும். ஆகவே எங்கட நிலைப்பாடு இதுதான்: எஞ்சின் இல்லையா, காற்று இழுக்கக்கூடிய தாழ்வான பாதையிலேயே விடுங்கோ. உயரே போகவேணுமா, திரும்பி வரும் வழியையும் கொண்டுபோங்கோ. உயிர் இருக்கும்போதே இறக்கத் தொடங்குங்கோ.

ஆயுள் முடிந்தபின் 25 வருடத்துக்குள் இறங்கினால் சரி என்றிருந்ததை, அமெரிக்காவின் எஃப்.சி.சி. 2022 செப்டெம்பரில் 5 வருடமாகக் குறைத்தது. அது தன்னிடம் அனுமதி கேட்பவர்களுக்கான விதி. எங்கட பல்கலைக்கழக மாணவர்கள் அடுத்த செய்மதியை வரையும்போது, யாரும் கேட்காமலே இந்தக் கேள்வியை முதல் பக்கத்தில் எழுதவேணும்: இது எப்ப, எப்படிக் கீழே வரும்?

வானத்தைக் குப்பையாக்கியது நாங்கள் இல்லைத்தான். அதுக்காக எங்கட பங்குக்கும் ஒரு துண்டு போடத் தேவையில்லை.