அளக்காத ஒலிக்கு விலக்கு கூடாது

நோயாளியின் சி.டி. படத்தை வைத்து மருத்துவமனையிலேயே அச்சிடும், அல்ட்ராசவுண்டை மண்டையோட்டின் வழியே மூளைக்குள் குவிக்கும் ஒலி ஹோலோகிராம் வில்லை, மலேசியாவின் மருத்துவக் கருவிச் சட்டம் 737-இன் கீழ் எந்த வகையில் சேரும்? தனிப்பயன் கருவி என்று எழுதிக் கொடுத்தால் பதிவிலிருந்து விலக்கு கேட்கலாம். ஒருவருக்காக ஒரே ஒருமுறை செய்யும் பொருளுக்கு அது போதுமே என்ற குரல் நம் துறைக்குள்ளேயே கேட்கிறது. போதாது என்பதே இவ்விதழின் நிலை.

2020-இல் மருத்துவக் கருவி ஒழுங்குமுறையாளர்களின் பன்னாட்டு மன்றமான ஐஎம்டிஆர்எஃப் வெளியிட்ட ஆவணம் இதற்கு வழி காட்டியிருக்கிறது. வரையறுத்த எல்லைக்குள் ஒவ்வொரு நோயாளிக்கும் ஏற்பச் செய்யப்படும் கருவி, மருத்துவர் எழுதிக் கேட்டு அபூர்வமாகச் செய்யப்படும் தனிப்பயன் கருவி ஆகாது. மருத்துவமனையில் அச்சிட்டால் மென்பொருள், அச்சு இயந்திரம், பிசின் அனைத்தையும் ஒரே உற்பத்தி அமைப்பாகக் கொள்ளலாம் என்கிறது அந்த ஆவணம். நமக்குப் பொருந்துவது இதுதான். வில்லை நோயாளிக்கு நோயாளி மாறும், அதைச் செய்யும் முறை மாறாது. மதிப்பிட்டுப் பதிய வேண்டியது அந்த முறையை.

தொழில்நுட்பத்தின் மீது நமக்கு ஐயமில்லை. 2016-இல் ஸ்டுட்கார்ட் மேக்ஸ் பிளாங்க் குழுவும், 2019-இல் மண்டையோட்டின் சிதைவை ஈடுசெய்து காட்டிய வலென்சியா குழுவும் அடித்தளம் இட்டுவிட்டன. கோயம்புத்தூர் வரை வந்துவிட்ட எக்ஸாபிளேட் நியூரோ என்ற குவிய அல்ட்ராசவுண்ட் கருவியில் 1024 டிரான்ஸ்டியூசர்கள். வில்லை முறைக்கு ஒன்று போதும். அரசு மருத்துவமனைகளுக்குக் கட்டுப்படியாகும் விலையில் இந்தச் சிகிச்சை வர வேண்டுமென்றால் வழி இதுதான்.

ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். 500 கிலோஹெர்ட்ஸில் நீரில் அலைநீளம் சுமார் 3 மில்லிமீட்டர். பிசினில் ஒலிவேகம் நொடிக்கு 2500 மீட்டர் என்றால், வில்லைத் தடிப்பில் 1 மில்லிமீட்டர் பிழை ஏறக்குறைய 50 டிகிரி கட்டப் பிழை. சரியாக இறுகாத பிசின், உள்ளே சிக்கிய காற்றுக்குமிழி, தலையில் சற்றே நகர்ந்து அமர்ந்த வில்லை எல்லாம் இதற்கு மேல். திசுவைச் சுடும் சிகிச்சையில் எம்.ஆர். வெப்பப்படம் குவியம் எங்கே விழுகிறது என்று காட்டிவிடும். நரம்பைத் தூண்டும் குறைந்த செறிவில் காணத்தக்க வெப்பம் எழாது. படத்தில் எதுவும் தெரியாது. ஆகவே நோயாளியைத் தொடுமுன் நீர்த்தொட்டியில் ஹைட்ரோபோன் கொண்டு அளந்தாக வேண்டும்.

யார் அளப்பது? நெடுநாளாக நம் நெஞ்சில் உறுத்தும் கேள்வி இது. ஜெஞ்சாரோம் கடைத்தெருவில் பல் கிளினிக் ஒன்று எக்ஸ்ரே கருவி வைத்தால் அணுசக்தி உரிமச் சட்டம் 304 வந்து நிற்கிறது: உரிமம், தரச்சோதனை, பதிவேடு. பக்கத்துக் கடையிலுள்ள பிசியோதெரபி அல்ட்ராசவுண்டை அந்தச் சட்டம் தொடாது. அது அயனியாக்கும் கதிர் அல்லவாம். அங்கே நடக்கும் சோதனை நாம் எல்லாரும் அறிந்ததே. கருவியின் தலைப்பகுதியை மேல்நோக்கிப் பிடித்து இரண்டு சொட்டு நீர் விடுவார்கள். நீர் துள்ளினால் கருவி நல்ல கருவி. ஐஇசி தரப்படி, காட்டும் திறனும் வெளிவரும் திறனும் 20 விழுக்காட்டுக்கு மேல் விலகக் கூடாது. துள்ளும் நீர் இதைச் சொல்லுமா? பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில் புழக்கத்திலுள்ள கருவிகளில் கணிசமானவை இந்த எல்லையைத் தாண்டியிருந்தன. அதிகாரிகளிடம் கேட்டால் ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டும்; அந்த இன்னோர் அலுவலகம், "கதிர்வீச்சு இல்லையே" என்று கோப்பை மூடும். பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை முதுகுவலிக்காரர்கள் எத்தனை வாட் வாங்குகிறார்கள் என்பதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. ஒரு வாட்டையே அளக்காதவர்கள் மூளைக்குள் குவியும் ஒலியை எப்படிக் கண்காணிக்கப் போகிறார்கள்?

மருத்துவக் கருவி ஆணையத்திடம் நாம் கேட்பது இரண்டு: அச்சு வில்லைகளை விலக்குப் பட்டியலில் சேர்க்காதீர்கள், சிகிச்சை அல்ட்ராசவுண்ட் அனைத்துக்கும் ஆண்டுதோறும் திறன் அளவீட்டைக் கட்டாயமாக்குங்கள். ஆணையம் அசையும்வரை வாசகர்கள் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. உங்கள் பிரிவின் அடுத்த டெண்டரில் அல்ட்ராசவுண்ட் திறனை அளக்கும் ரேடியேஷன் ஃபோர்ஸ் பேலன்ஸ் ஒன்றைச் சேர்த்து எழுதுங்கள். அளந்த எண்களைப் பதிவேட்டில் ஏற்றி, ஒரு நகலை நமக்கும் அனுப்புங்கள், வெளியிடுகிறோம்.