திரும்பி வரும் கப்பலில் என்ன இருக்கு?

வெள்ளிக்கிழமை மதியம் ஸ்கூல் விட்டு வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் பிள்ளை உங்கள் வீட்டிலும் இருந்தால், இந்த வாரம் எழுதுவது உங்களுக்குத்தான். துப்பாக்கியே தொடாமல், சரக்கு வாங்கி விற்றே முன்னேறக்கூடிய ஒரு விண்வெளி விளையாட்டைப் பற்றிப் பேசப் போகிறோம். பெயர் 'எலைட் டேஞ்சரஸ்'.

இதன் முதல் வடிவம் 1984-இல் வந்தது. டேவிட் பிரேபன், இயன் பெல் என்ற இரண்டு பேர் பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டருக்காக எழுதியது. இப்போது பசங்க விளையாடுவது 2014 டிசம்பரில் ஃப்ரான்டியர் நிறுவனம் வெளியிட்ட ஆன்லைன் வடிவம். நம்ம பால்வெளி மண்டலத்தையே சுமார் 40,000 கோடி நட்சத்திர அமைப்புகளோடு உள்ளே வைத்திருக்கிறார்கள். ஒரு நிலையத்தில் மலிவாக வாங்கு, இன்னொரு நிலையத்தில் அதிக விலைக்கு விற்று, அந்த லாபத்தில் பெரிய கப்பல் வாங்கு. வியாபாரம் அவ்வளவுதான். ஆனால் லாபமான பாதையைக் கண்டுபிடிப்பது அவ்வளவு சுலபம் இல்லை.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் நான் உதாரணத்துக்கு வைத்தவை. உங்கள் கப்பலில் 100 டன் இடம். முதல் பாதையில் டன்னுக்கு 20,000 கிரெடிட் லாபம். போக 40 நிமிடம், திரும்பி வர 40 நிமிடம், வரும்போது கப்பல் காலி. இரண்டாவது பாதையில் போகும்போது டன்னுக்கு 12,000, திரும்பும்போது வேறு சரக்கில் டன்னுக்கு 6,000. ஒரு பக்கம் போக 12 நிமிடம்தான். எது நல்ல பாதை?

புதுசாக ஆடும் பிள்ளை 20,000-ஐத்தான் பிடித்துக்கொள்ளும். மணிக்கணக்கில் பார்த்தால் முதல் பாதை மணிக்கு 15 லட்சம். இரண்டாவது பாதை மணிக்கு 45 லட்சம். மூன்று மடங்கு! விலை வித்தியாசத்தை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது. பிள்ளையிடம் கேட்க வேண்டிய கேள்வி இரண்டே இரண்டுதான்: "மணிக்கு எவ்வளவு?", "திரும்பி வரும்போது என்ன ஏத்திட்டு வர்றே?"

தூரத்தில் இன்னொரு சூட்சுமம் இருக்கு. நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் தாவுவது நொடிகளில் முடியும். ஆனால் தாவி இறங்கிய இடத்திலிருந்து நிலையம் வரை பறந்துதான் ஆகணும். ஆல்ஃபா சென்டாரியில் ஹட்டன் ஆர்பிட்டல் என்று ஒரு நிலையம். இறங்கும் இடத்திலிருந்து 0.22 ஒளியாண்டு தள்ளி இருக்கு. சாதாரண முறையில் பறந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். "அங்கே போனால் அனகோண்டா கப்பல் இலவசம்" என்று பழைய ஆட்டக்காரர்கள் புதியவர்களைக் கிளப்பி விடுவது இந்த விளையாட்டில் பிரபலமான குறும்பு. இலவசம் என்றால் முதலில் தூரத்தைக் கேள் என்று எத்தனை தடவை சொல்லியும் கேட்காத பிள்ளை, அங்கே ஒருதரம் போய் வந்தால் தானாகக் கற்றுக்கொள்ளும்.

விலை எங்கே என்ன என்று எப்படித் தெரியும்? அந்தந்த நிலையத்துக்குப் போன ஆட்டக்காரர்களின் கம்ப்யூட்டரில் ஓடும் சின்ன மென்பொருள்கள் விலைப்பட்டியலை ஒரு பொது வலைக்கு அனுப்பும். 'இனாரா' மாதிரியான தளங்கள் அதைத் தொகுத்துக் காட்டும். ஆனால் அதில் இருப்பது கடைசியாக ஒருத்தர் போனபோது இருந்த விலை. எல்லோரும் அதே பட்டியலைப் பார்த்து அதே இடத்துக்கு ஓடினால், வாங்கும் இடத்தில் சரக்கு தீரும், விற்கும் இடத்தில் தேவை குறையும், லாபம் கரையும். ஊருக்கே தெரிந்த லாபம் ரொம்ப நாள் லாபமாக இருக்காது. "இந்த மாசமே வாங்கிடுங்க, டபுள் ஆகும்" என்று வாட்ஸாப்பில் வரும் ஃபார்வர்டுகளுக்கும் இதே பதில்தான்.

இதெல்லாம் நாம் இருக்கும் ஊரின் கதையும்கூட. விளையாட்டில் பெரிய கப்பல் சின்ன நிலையங்களில் இறங்க முடியாது. பெரிய தளம் வேண்டும். துபாய் க்ரீக்கிலும் ஒரு காலத்தில் மணல் மேடிட்டு, பெரிய படகுகள் உள்ளே வர முடியாமல் இருந்தது. ஷேக் ராஷித் கடன் வாங்கி அதைத் தூர்வாரினார். பிறகு 1972-இல் போர்ட் ராஷித், 1979-இல் ஜெபல் அலி என்று தளம் பெரிதாகிக்கொண்டே போனது. அதற்கும் முன்னால், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எதிர்க்கரையில் பாரசீகத்தின் லிங்கே துறைமுகத்தில் சுங்க வரி ஏறியது. துபாய் தன் வரியை நீக்கியது. வியாபாரிகள் இந்தக் கரைக்கு வந்துவிட்டார்கள். இன்றைக்கு நாம் விருந்தாளிகளைக் கூட்டிப்போய்க் காட்டும் அல் ஃபாஹிதி பகுதி அவர்கள் குடியேறிய இடம்தான். பாதை மாறினால் ஊரே மாறும்.

இன்னும் பழைய கணக்கு ஓமானில் இருக்கு. சலாலா பக்கம் கோர் ரோரி என்ற பழைய துறைமுகத்தில் கிடைத்த ஒரு பானை ஓட்டில், தமிழ் பிராமி எழுத்தில் 'ணந்தை கீரன்' என்று ஒரு பெயர். சுமார் 2,000 வருஷத்துக்கு முந்தையது. போக ஒரு பருவக்காற்று, திரும்பி வர ஒரு பருவக்காற்று. மிளகு விளைந்த கரை ஒரு பக்கம், லுபான் என்கிற சாம்பிராணி விளைந்த கரை மறுபக்கம். இரண்டு பக்கமும் சரக்கு இருந்ததால்தான் அந்தப் பாதை அவ்வளவு காலம் ஓடியது. உங்கள் பிள்ளைக்கு இதைச் சொல்லுங்கள். ஓமான் போகும் அடுத்த லீவில் அந்த இடத்தை வேறு கண்ணோடு பார்க்கும்.

எனக்குப் பிடித்த இன்னொரு விதி: கப்பல் வெடித்துவிட்டால் அதன் விலையில் 5 சதவீதம் கட்டி அதே கப்பலைத் திரும்ப வாங்கலாம். சரக்கு போனது போனதுதான். அந்த 5 சதவீதம் கையில் இல்லாமல் பறக்கக் கூடாது என்பது ஆட்டக்காரர்களின் முதல் பாடம். கையிருப்பு முழுவதையும் ஒரே லோடில் போடாதே என்று நாம் வாயால் சொல்வதைவிட இது ஆழமாகப் பதியும்.

இப்போது கொஞ்சம் கனமான விஷயம். நம்மில் பலருடைய அப்பாக்கள் வளைகுடாவுக்கு வந்ததும் ஒரு வர்த்தகப் பாதைக் கணக்கில்தான். ஊர்ச் சம்பளத்துக்கும் இங்கே கிடைக்கும் சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசம், டன்னுக்கு எவ்வளவு என்கிற மாதிரி பளிச்சென்று தெரிந்தது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவு, பார்க்காமல் போன பிள்ளைகளின் வயசு, இதெல்லாம் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவர்களுக்கு அன்றைக்கு வேறு பாதை இல்லை, அதனால் குறை சொல்ல நமக்கு உரிமையும் இல்லை. ஆனால் நாம் குடும்பத்தோடு இங்கே இருக்கிறோம். நம் கணக்கில் நேரத்துக்கும் ஒரு வரி போட்டுக்கொள்ள முடியும்.

அதே வரி பிள்ளைக்கும் வேண்டும். இந்த விளையாட்டின் ஆபத்து வன்முறை அல்ல. ஒரே பாதையில் நூறு தடவை ஓடி, அடுத்த கப்பலுக்காகச் சேர்ப்பது. விளையாட்டே ஒரு வேலையாகிவிடும். "இந்தக் கப்பலுக்கு இன்னும் எத்தனை மணி நேரம் ஓட்டணும்? அந்த நேரத்தை அதுக்குக் கொடுக்க உனக்குச் சம்மதமா?" என்று கேளுங்கள். நாம் தடுப்பதைவிட அது தானே கணக்குப் போட்டு நிறுத்துவது நல்லது.

நடைமுறைக்கு மூன்று விஷயம். தனியாக ஆடும் 'சோலோ' முறை இதில் இருக்கு. சந்தை அதேதான், ஆனால் முகம் தெரியாத ஆட்டக்காரர்கள் குறுக்கே வர மாட்டார்கள். முதலில் அதில் விடுங்கள். இரண்டாவது, 2024 முதல் சில கப்பல்களை நிஜப் பணத்துக்கும் விற்கிறார்கள், அதனால் உங்கள் கார்டை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். மூன்றாவது, ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். வாங்கிய விலை, விற்ற விலை, ஆன நிமிடம் என்று மூன்றே பத்தி. ஒரு வாரம் எழுதட்டும். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ட்ரிப் போய்ப் பாருங்க. திரும்பும்போது என்ன ஏற்றலாம் என்பதை நீங்க சொல்லுங்க.